வீட்டிற்கொரு களஞ்சியம்

மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்

முன்னுரை

ஒரு நாட்டின் உணவு நிலையை அறிய அரசின் கிடங்குகளில் உள்ள இருப்பைக் கணக்கிடுவது பொருளியலார் வழக்கம். ஒரு வீட்டின் உணவு நிலையை அறிய அவ்வீட்டு அடுக்களையை எட்டிப் பார்த்தாற் போதும். கடை அடைத்திருந்தாலும், பேருந்து ஓடாவிட்டாலும், கூலி ஒரு வாரம் கைக்கு வராவிட்டாலும் அடுப்பு எரியும் என்றால் அவ்வீடு உறுதியான வீடு. மூன்று நாள் மழைக்கே கலங்கிப் போகும் வீடு, எத்தனை வசதிகள் இருந்தாலும், உறுதியான வீடாகாது.

இந்திய உணவுக் கழகம் 1965ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. விளைச்சல் மிகும் காலத்தில் வாங்கி வைத்து, குறையும் காலத்தில் எடுத்து வழங்குதல் என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. இதனையே நாம் வகுப்பறையில் 'பஃபர் ஸ்டாக்' என்று படிக்கின்றோம். நாட்டுக்கு நல்லதென்று தேர்வில் எழுதும் இக்கொள்கையை நம் வீட்டிலும் நடைமுறைப்படுத்த இயலுமா? வருமானம் குறைந்த குடும்பத்திற்கும் அது கைகூடுமா? இவ்விரு வினாக்களுக்கும் என் வீட்டுக் கணக்குப் புத்தகத்தைச் சான்றாக வைத்து விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் கண்ட களஞ்சியங்கள்

உணவைச் சேர்த்து வைத்தல் தமிழருக்குப் புதிதன்று. ஏணிக்கும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகளைப் பற்றிப் பெரும்பாணாற்றுப்படை பேசுகின்றது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியத்தைக் காணலாம். கோயிலுக்கும் அரண்மனைக்கும் மட்டுமன்றி, எளிய உழவனுக்கும் அவனவன் அளவிற்கு ஒரு சேமிப்பு இருந்தது. மரப்பலகையால் ஆன பத்தாயம், களிமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குதிர், தென்மாவட்டங்களின் குலுக்கை, விதை நெல்லுக்கு வைக்கோற்புரியால் இறுக்கிக் கட்டிய கோட்டை, நிலமில்லாதார் வீட்டில் அடுக்குப் பானை எனப் பலவகை.

இவை ஏன் மறைந்தன? நெல்லாக வைத்துத் தேவைக்குக் குத்திக்கொண்ட காலம் போய், அரிசியாகவே கடையில் வாங்கும் காலம் வந்தது. தெருமுனைதோறும் மளிகைக் கடை வந்தது. நியாயவிலைக் கடை வந்தது. 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் நம் மாநிலத்தில் அதன் அரிசி விலையின்றியும் கிடைக்கின்றது. இவையனைத்தும் நன்மைகளே, மறுப்பதற்கில்லை. ஆயினும் 'கடையில் இருக்கிறதே, வீட்டில் எதற்கு?' என்ற எண்ணம் இவற்றோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது. கடையில் இருப்பது வேறு. வீட்டில் இருப்பது வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவை வரலாறு பலமுறை காட்டியிருக்கின்றது.

பஞ்சம் தந்த பாடம்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தை, அது தொடங்கிய தாது ஆண்டின் பெயரால் 'தாது வருடப் பஞ்சம்' என்று இன்றும் முதியோர் சொல்வர். ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகின்றது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அப்பஞ்சத்தில் பட்டினி கிடந்தோருக்கு நிவாரண வேலையாக வெட்டப்பட்டதேயாகும். மக்கள் மடிந்த அக்காலத்திலேயே இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் வெளிநாட்டிற்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது.

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் கண்டவர் பேராசிரியர் அமர்த்தியா சென். 'வறுமையும் பஞ்சங்களும்' என்ற பொருளுடைய தலைப்பில் 1981இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இதுதான்: நாட்டில் உணவு இருப்பது மட்டும் போதாது, அவ்வுணவைப் பெறும் வழி ஒவ்வொரு குடும்பத்திற்கும் இருக்க வேண்டும். வழி அடைபட்டால், நிறைந்த கிடங்கின் வாயிலிலும் மனிதன் பசியால் வீழ்வான். இக்கருத்தை வீட்டளவில் பொருத்திப் பார்த்தேன். வழி அடைபடுவதற்குப் பெரும் பஞ்சமே வரவேண்டும் என்பதில்லை. ஒரு புயல் போதும். ஒரு நோய் போதும். வீட்டில் சம்பாதிப்பவர் பத்து நாள் படுக்கையில் விழுந்தாலும் போதும்.

புயல் தந்த பாடம்

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. எங்கள் ஊர் வேதாரண்யம் வட்டாரத்தைச் சேர்ந்தது. நான் அப்போது பள்ளி மாணவன். விடிந்து பார்த்தபோது தென்னை மரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன, மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. சாலை அடைபட்டதால் கடைக்குச் சரக்கு வரவில்லை. மின்சாரம் இன்மையால் மோட்டார் ஓடவில்லை. மாவு அரைக்க வழியில்லை. குளிர்பெட்டியில் இருந்தவை இரண்டு நாளில் வீணாயின.

அந்நாட்களில் எந்த வீடுகள் சமாளித்தன என்பதை இப்போது எண்ணிப் பார்க்கின்றேன். அவை பணம் மிகுந்த வீடுகள் அல்ல. சாமான் இருந்த வீடுகள். எங்கள் வீட்டில் பலகைமேல் ஒரு மூட்டை அரிசியும், பானையில் புளியும், உறியில் கருவாடும் இருந்தன. அம்மா காலையில் கஞ்சியும் மாலையில் சோறும் பொங்கி, கூரை பறிபோன அண்டை வீட்டாருக்கும் ஊற்றினார். அடுத்த தெருவில் தரையில் கிடந்த மூட்டைகள் நீரில் ஊறிப் போயின. ஒரே அளவு அரிசிதான். ஒன்று ஓரடி உயரத்தில் இருந்தது, மற்றொன்று தரையில் இருந்தது. அவ்வளவே வேறுபாடு.

இஃது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதையன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் இடையில் சிக்கினர். அருகிலுள்ள புதுக்குடி மக்கள் அவர்களுக்குச் சமைத்துப் பசியாற்றினர் என்பதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். வெளியிலிருந்து ஒன்றும் வர இயலாத நாளில், ஊருக்குள் இருந்ததே ஊரையும் காத்தது; வந்தவரையும் காத்தது. வீட்டுச் சேமிப்பு தன்னலம் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ள வேண்டும்.

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். எல்லோரும் வாங்கிச் சேர்த்தால் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறாதா? பதுக்கலைத் தடுக்க 1955ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டமே இருக்கின்றதே?

பதுக்குவோன் தட்டுப்பாட்டின்போது வாங்குகின்றான், அல்லது தட்டுப்பாடு வரட்டும் என்று வைத்திருக்கின்றான். சேமிப்போன் மலிவும் மிகுதியும் உள்ள காலத்தில் சிறுகச் சிறுக வாங்குகின்றான். தட்டுப்பாடு வந்த நாளில் கடைப்பக்கமே போவதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த இரவு கடைகளில் முண்டியடித்த கூட்டத்தை நாம் கண்டோம். முன்னரே ஒரு மாத இருப்பு வைத்திருந்த வீட்டார் அக்கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் நிற்காத இடம் இல்லாதவருக்குக் கிடைத்தது. எனவே, அமைதியான காலத்தில் சேமிப்பது அவசர காலத்தில் பிறருக்கு வழிவிடுவதாகும். புயல் எச்சரிக்கை கேட்ட பிறகு மூட்டை மூட்டையாய் வாங்குவது சேமிப்பாகாது.

தொடங்கும் முறை

முதலில் செய்ய வேண்டியது வாங்குவதன்று, அளப்பது. நம் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகின்றது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. நான் ஒரு மாதம் அளந்து எழுதினேன். நால்வர் உள்ள எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு 300 கிராம் வீதம் நாளொன்றுக்கு 1 கிலோ 200 கிராம் அரிசி; மாதத்திற்கு 36 கிலோ. பருப்பும் பயறும் ஆளுக்கு 50 கிராம் வீதம் மாதத்திற்கு 6 கிலோ. எண்ணெய் மாதம் 3 லிட்டர். புளி 1 கிலோ, உப்பு 1 கிலோ, மிளகாய் அரைக் கிலோ. இந்த ஒரு மாதத் தேவையை, வழக்கமான செலவுக்குமேல் தனி இருப்பாகச் சேர்ப்பதே எங்கள் இலக்கு.

ஒரே நாளில் இதனை வாங்க எங்களால் இயலாது. ஆகவே மூன்று வழிகளைக் கைக்கொண்டோம்.

ஒன்று, பிடியரிசி. உலை வைக்கும்போது அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுதல். இது நம் தாய்மார்கள் தொன்றுதொட்டுச் செய்துவந்த வழக்கமே. அம்மாவின் ஒரு பிடியைத் தராசில் இட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 50 கிராம் இருந்தது. 1,200 கிராமில் 50 கிராம் குறைவதை எங்கள் வயிறு அறியவில்லை. ஆனால் வாரத்திற்கு 350 கிராம் சேர்ந்தது.

இரண்டு, வாரம் ஒரு கூடுதல். வாரச் சாமான் வாங்கும்போது அரிசி 1 கிலோவும் பருப்பு கால் கிலோவும் கூடுதலாக வாங்குதல்.

மூன்று, மாதம் ஒரு கூடுதல். மாதத் தொடக்கத்தில் எண்ணெய் அரை லிட்டரும், புளி, உப்பு, மிளகாய், வெல்லம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றும் மிகுதியாக வாங்குதல்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பிடியரிசியும் வாரக் கூடுதலும் சேர்ந்து வாரத்திற்கு 1 கிலோ 350 கிராம் அரிசி. மூன்றாம் வாரத்தில் மூன்று நாளைக்குரிய இருப்பு வந்துவிடுகின்றது. பதின்மூன்றாம் வாரத்தில் இரண்டு வார இருப்பு. இருபத்தேழாம் வாரத்தில் 36 கிலோ நிறைவெய்துகின்றது. பருப்பு இருபத்துநான்கு வாரத்தில் 6 கிலோவாகின்றது. எண்ணெய் ஆறு மாதத்தில் 3 லிட்டராகின்றது. தைப் பொங்கலன்று தொடங்கினால் ஆடிப்பெருக்கிற்கு முன்னரே ஒரு மாதக் களஞ்சியம் வீட்டில் அமைந்துவிடும். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் இரண்டு மாதத்திற்கு மேல் இருக்கும்.

முதற்படியாகிய மூன்று நாள் இருப்பை எவரும் இகழ வேண்டா. சாலையும் கடையும் திறப்பதற்கு இடைப்பட்ட முதல் மூன்று நாட்களே பெரும்பாலும் கடினமானவை. அந்தப் படியை எட்டிய வீடு பாதி வழியைக் கடந்த வீடு.

இல்லாதவர் என் செய்வது?

இக்கணக்கை நண்பர் ஒருவரிடம் காட்டியபோது, "கையில் மிஞ்சினால்தானே வைப்பதற்கு? அன்றாடம் காய்ச்சிக்கு இதெல்லாம் ஏது?" என்று கேட்டார். நேர்மையான வினா. என் தந்தையாரும் நாட்கூலிக்குச் செல்பவர்தான். அறுவடைக் காலத்தில் நாள்தோறும் வேலை. மழைக் காலத்தில் வாரக்கணக்கில் வேலையில்லை. வேலையில்லாத நாட்களில் கடன் வாங்கி உண்பதும், வேலை வந்ததும் வட்டியோடு திருப்புவதுமே பல வீடுகளின் வாழ்க்கை.

ஆகவேதான் இச்சேமிப்பு செல்வரைவிட எளியவர்க்கே மிகவும் வேண்டியது என்பேன். செல்வர் விலை ஏறினாலும் வாங்குவர். எளியவரோ வேலையில்லாத நாளில், விலை ஏறிய பொருளை, கடனுக்கு வாங்குகின்றனர். மூன்று வகையிலும் இழக்கின்றனர். வேலையுள்ள மாதத்தில் எடுத்து வைத்த ஒரு பிடி, வேலையில்லாத மாதத்தில் ஒரு கடனைத் தவிர்க்கின்றது. சென்ற மழைக்காலத்தில் எங்கள் குடும்பம் அரிசிக்கென்று எவரிடமும் கடன் வாங்கவில்லை. தொகை சிறிதுதான், ஆனால் அம்மா தலைநிமிர்ந்து கடைத்தெருவில் நடந்தார்.

வாரம் ஒரு கிலோ வாங்க இயலாதவர் பிடியரிசி ஒன்றோடு தொடங்கலாம். நாள்தோறும் 50 கிராம் என்றால் ஆண்டிற்குப் பதினெட்டுக் கிலோ. அது நால்வர் குடும்பத்திற்குப் பதினைந்து நாள் உணவு. சிறு துளி பெரு வெள்ளம் என்பது வெறும் பழமொழியன்று, கணக்கு.

பருவமறிந்து சேர்த்தல்

எப்பொருள் எம்மாதத்தில் மலிவு என்பதை அறிந்தவர் குறைந்த பணத்தில் நிறைந்த சேமிப்பைப் பெறுவர். காவிரிப் படுகையில் சம்பாவும் தாளடியும் தை, மாசியில் களத்திற்கு வரும். மாசி, பங்குனியில் புளி, அதனையொட்டி மிளகாய். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னர் ஈர வயலில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில் கைக்கு வரும். புளியைக் கொட்டை நீக்கி, உப்புக் கலந்து அழுத்திப் பானையில் வைத்தால் அடுத்த புளி வரும்வரை கெடாது.

சித்திரை, வைகாசி வெயிலைச் சேமிப்பின் தோழன் எனலாம். வடகம், அப்பளம், மோர் மிளகாய், கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல், மணத்தக்காளி வற்றல் எல்லாம் இப்போதுதான். மழைக்காலத்தில் காய்கறி வராத நாளில் இவையே கறி. எங்கள் கடற்கரையோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன்னரே கருவாடு காய்ந்து உறியேறிவிடும். புரட்டாசியில் எல்லாவற்றையும் ஒருமுறை எடுத்துப் பார்த்து, உலர்த்தி, மூடி வைத்துவிட வேண்டும். அதன் பிறகு வெயிலை நம்ப இயலாது.

பகைவர் மூவர்: ஈரம், பூச்சி, எலி

சேர்ப்பது எளிது, காப்பது அரிது. களஞ்சியத்தின் முதற்பகை ஈரம். ஈரப்பதம் நூற்றுக்குப் பதினான்கிற்கு மேற்பட்டால் தானியத்தில் பூஞ்சணம் பற்றும். வீட்டில் ஈரத்தை அளக்க ஓர் எளிய வழியுண்டு. நன்கு காய்ந்த கண்ணாடிப் புட்டியில் தானியத்தையும் உலர்ந்த தூள் உப்பையும் இட்டு மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்திருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் தானியம் ஈரம். இன்னும் உலர்த்த வேண்டும். நெல்லையும் பயறையும் வெயிலில் உலர்த்தலாம். அரிசியைக் கடும் வெயிலில் உலர்த்தினால் வெடித்து நொறுங்கும்; நிழலில் பரப்புவதே நலம். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் சோளத்தையும் கழுவியோ வறுத்தோ உண்ணலாகாது. அவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது. சமையல் சூட்டில் அழியாதது.

இரண்டாம் பகை பூச்சி. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே ஒரு முட்டையிட்டுத் துளையை அடைத்துவிடும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாய் வெளிவரும். ஒரு பெண் வண்டு முந்நூறு முட்டை வரை இடும் என்றால் அதன் பெருக்கத்தை எண்ணிப் பாருங்கள். பயறு வண்டோ பயற்றின் மேற்புறத்தில் வெண்புள்ளி போல முட்டையை ஒட்டிவைக்கும். பயறு வயலிலிருந்து வரும்போதே அதன் முட்டையைச் சுமந்து வருவதும் உண்டு. உடைத்த பருப்பில் இவ்வண்டு எளிதில் பெருகாது. துவரையைச் செம்மண் கட்டி உலர்த்தி உடைத்து வைத்த நம் பாட்டிமாரின் செயலில் உள்ள அறிவை இதனால் உணரலாம்.

முழுப் பயற்றைக் காக்கக் கிலோவிற்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து மில்லி லிட்டர் சமையல் எண்ணெயைத் தடவிப் பிசறி வைக்கலாம். முட்டைகள் மூச்சடைத்து அழியும். உலர்ந்த வேப்பிலை, நொச்சியிலை, வசம்பு ஆகியனவும் துணைசெய்யும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ள பொறி ஒன்றும் உண்டு. அது துளைகளுள்ள ஒரு குழாய். தானியத்திற்குள் அதனைச் செருகி வைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளை வழியே விழுந்து அடியிலுள்ள கூம்பில் அகப்படும். மருந்து வேண்டியதில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வீட்டு மூட்டையில் போடவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மூடிய அறையில் உறங்குவோரைக் கொல்லும். தானியத்தைக் காக்கப் போய் உயிரை இழக்கலாகாது. அதுபோலவே எறும்புப் பொடி, பூச்சிப் பொடி எதனையும் உண்ணும் பொருளோடு கலக்கலாகாது.

மூன்றாம் பகை எலி. சாக்கை அது கடிக்கும். தகரத்தைக் கடிக்க இயலாது. மூடியுள்ள தகர டிரம்மே எளிய குடும்பத்தின் பத்தாயம். அதனைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். சுவரோரம் கூட்டிப் பெருக்க இடமிருந்தால் எலிக்கு ஒதுங்க இடமில்லை.

எதனை எவ்வளவு காலம்?

எல்லாப் பொருளும் ஒரே அளவு காலம் நில்லா. உப்பும் சர்க்கரையும் ஈரம் படாவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் அயோடின் கலந்த உப்பை மூடியிட்டே வைக்க வேண்டும். உமி காப்பதால் நெல் அரிசியைவிட நெடுங்காலம் நிற்கும். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி கடினமானது. வண்டு எளிதில் துளைக்காது. கேழ்வரகு பல ஆண்டுகள் கெடாமல் இருக்க வல்லது. சிறிய மணி, பூச்சி அதிகம் நாடாது. பஞ்சம் கண்ட நம் முன்னோர் அதனைப் போற்றியது காரணத்தோடுதான்.

தானியமாக நிற்பது மாவாக நில்லாது. கம்பு மாதக்கணக்கில் இருக்கும். கம்பு மாவோ அதிலுள்ள கொழுப்பினால் ஒரு வாரத்திலேயே கசக்கத் தொடங்கும். ரவையும் கோதுமை மாவும் ஓரிரு மாதமே. எண்ணெய்களுள் நல்லெண்ணெய் தன்னிடமுள்ள இயற்கைப் பொருள்களால் சிக்கு வாடை எளிதில் அடையாது. எந்த எண்ணெயானாலும் வெளிச்சம் படாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

மின்சாரமும் எரிவாயும் இல்லாத நாளை எண்ணி அவல், பொரிகடலை, வெல்லம் போன்ற அடுப்பு வேண்டாப் பொருள்களிலும் கொஞ்சம் இருக்கட்டும். குடிநீர், தீப்பெட்டி, ஒரு கட்டு விறகு ஆகியனவும் களஞ்சியத்தைச் சேர்ந்தவையே. அரிசி இருந்தும் உலை நீர் இல்லையென்றால் பயனில்லை.

வைப்பதும் எடுப்பதும்

சேமிப்பு என்றதும் பூட்டி வைப்பது என்று பலர் நினைக்கின்றனர். பூட்டி வைத்தது புழுத்துப் போகும். வீட்டுக் களஞ்சியம் குளத்தைப் போல் அன்று, வாய்க்காலைப் போல் இருக்க வேண்டும். ஒருபுறம் வந்துகொண்டும் மறுபுறம் போய்க்கொண்டும் இருக்க வேண்டும். இதற்கு ஒரே விதி: முன்னே வந்தது முன்னே போகட்டும். புதிதாய் வாங்கியதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னிழுத்துச் சமைக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய தேதியைத் துண்டுத் தாளில் எழுதி ஒட்டுகின்றோம். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றில் வரவு, செலவு, இருப்பு என மூன்று பத்தி. மாதக் கடைசி ஞாயிறன்று பத்து நிமிடம் போதும்.

இதிலிருந்து மற்றொரு விதியும் பிறக்கின்றது. வீட்டார் நாள்தோறும் உண்ணும் பொருளையே சேர்க்க வேண்டும். உண்ணாததைச் சேர்த்தால் சுழற்சி நின்றுவிடும். ஒரு மாத இருப்பு நிறைந்தபின் மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போவதும் வேண்டா. சொந்த நிலமும் இடவசதியும் உள்ளோர் மூன்று மாதம் வரை செல்லலாம். உரிய காலத்தில் உண்ண இயலாதது சேமிப்பாகாது. வண்டுக்கு இட்ட விருந்தாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் வீட்டுக் களஞ்சியம் என்பது செல்வத்தால் அமைவதன்று, ஒழுங்கால் அமைவது என்பது விளங்கும். அளந்தறிதல், சிறுகச் சேர்த்தல், பருவமறிந்து வாங்குதல், ஈரம் அணுகாது காத்தல், பழையதை முதலில் எடுத்தல் ஆகிய ஐந்துமே அதன் தூண்கள். இவற்றுள் எதற்கும் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ஆயினும் பட்டப்படிப்புப் படிக்கும் நாம், நோட்டுப் புத்தகமும் பேனாவும் கையில் உள்ள நாம், இக்கணக்கை நம் வீட்டில் எழுதத் தொடங்கினால் தாய்மாரின் சுமையில் ஒரு பங்கேனும் குறையும். விடுதியில் தங்கிப் பயிலும் நண்பர்கள் அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கின்றது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று நாளைக்குக் குறைவென்றால், அன்று மாலை உலை வைக்குமுன்னரே ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கச் சொல்லுங்கள்.